ஐந்து பாக விண்வெளித் தொடர்: கிண்டிலா, பிரதிலிபியா, அச்சா?

ஒரு நாவலை எழுதி நாமே வெளியிடுவது எப்படி என்று கேட்டால் யோசனை சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதையே ஐந்து பாகத் தொடராக எழுதப் போகிறேன் என்றால் அந்த யோசனைகளில் பாதி உதவாது. தனி நாவலுக்கு ஒரு வாசகரை ஒருமுறை பிடித்தால் போதும். தொடரில் முதல் பாகத்தை முடித்தவர் இரண்டாவதைத் தேடி வரவேண்டும். வரும்போது அது கிடைக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கும் பழக்கமும் அவருக்கு இருக்கவேண்டும். பிரதிலிபி (யாரும் கதை எழுதிப் போடக்கூடிய, படிக்கக்கூடிய செயலி), கிண்டில் (அமேசானின் மின்னூல் கடை), சொந்த அச்சு, தேவைக்கு அச்சு, இலவச மின்னூல் என நம் முன்னால் உள்ள வழிகளை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இரண்டாம் பாகத்துக்கு ஆள் எங்கிருந்து வரும்?

பேச்சு அந்தரத்தில் போகாமலிருக்க ஓர் உதாரணம். நண்பர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் தொடர் இது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். களம் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினம், சுருக்கமாகக் குலசை. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அதே ஊர். கதை நடப்பது இந்த நூற்றாண்டின் கடைசியில். தசராவுக்கு வேஷம் கட்டும் குடும்பத்திலிருந்து வந்த ஒருத்தி, செவ்வாய்க்கு அப்பால் பழுதாகி நிற்கும் சரக்குக் கலங்களை மீட்டு இழுத்துவரும் குழு ஒன்றை நடத்துகிறாள். மீட்புக்கூலி, போட்டிக் குழு, காப்பீட்டுக்காரர்களின் தில்லுமுல்லு, நடுவே ஒரு மர்மம். நல்ல சரக்கு. முதல் பாகம் முடிந்துவிட்டது, இரண்டாவது பாதியில் நிற்கிறது.

எழுதும்போதே பாதி முடிவாகிவிடும்

எங்கே வெளியிடுவது என்பது எப்படி எழுதுகிறோம் என்பதோடு பின்னிக்கிடக்கிறது. தமிழில் இரண்டு மரபும் உண்டு. ஒன்று, வாரப் பத்திரிகைத் தொடர்கதை: ஒரே கதை, வாரா வாரம் ஒரு கொக்கி, அடியில் ‘தொடரும்’. இன்னொன்று, எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த மாத நாவல்: அதே துப்பறியும் ஜோடி, மாதம் ஒரு புது வழக்கு. பஸ் ஸ்டாண்ட் கடையில் எந்த மாதத்து நாவலை உருவினாலும் முன்கதை தெரியாமல் படிக்கலாம்.

முதல் வகை வாசகரை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் உள்ளே வர ஒரே வாசல்தான். மூன்றாம் பாகம் கையில் கிடைத்தவர் திரும்பிப் போய் முதல் பாகத்தைத் தேடவேண்டும், பெரும்பாலானவர்கள் தேடமாட்டார்கள். இரண்டாவது வகையில் ஐந்து பாகத்துக்கும் ஐந்து வாசல். நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளதை. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு மீட்புப் பணி தொடங்கி முடிந்துவிடவேண்டும். மர்மம் மட்டும் அடியில் மெதுவாக ஓடலாம். முதல் பாகத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு நிறுத்தினால் இரண்டாவதை வாங்குவார்கள் என்று நினைப்பது தப்புக் கணக்கு. பேர் தெரியாத எழுத்தாளர் பாதியில் விட்டால் வாசகருக்குக் கோபம்தான் வரும், அந்தக் கோபம் நேராக ஒரு நட்சத்திர மதிப்பீடாக இறங்கும்.

நீளம்? பாகத்துக்கு நாற்பதாயிரம் சொற்கள் போதும். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் சுமார் இருநூறு பக்கம் வரும். ஆங்கிலத் தொடர்களைப் பார்த்து ஒரு லட்சம் சொல்லுக்கு ஆசைப்படவேண்டாம். அச்சுக்கூலியும் ஏறும், அடுத்த பாகம் வர இரண்டு வருஷமும் ஆகும்.

அறிவியல் புனைகதைக்கென்றே உள்ள தலைவலி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நண்பரின் முதல் பாகத்தில் நாயகி செவ்வாயின் சுற்றுப்பாதையிலிருந்து குலசைக்குச் செய்தி அனுப்புகிறாள். இரு கோள்களுக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒளியின் வேகத்தில் போகும் செய்தி ஒரு திசையில் போய்ச் சேரவே சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். அவர் 14 நிமிடம் என்று வைத்திருந்தார். கேள்வி போய்ப் பதில் வர 28 நிமிடம். கலத்தில் ஆக்ஸிஜன் 40 நிமிடத்துக்குத்தான் இருக்கிறது. அதாவது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கமுடியும். எந்தக் கேள்வி என்பதுதான் அந்த அத்தியாயம். அருமையான காட்சி. இரண்டாம் பாகத்தின் வரைவில் அதே தூரத்திலிருந்து அம்மாவோடு வாட்ஸ்அப் காலில் பேசுவதுபோல மூச்சுவிடாமல் சண்டை போடுகிறாள்! நமக்கே இது கண்ணில் படுகிறது என்றால், இந்த வகைக் கதையை விரும்பிப் படிப்பவர் விடுவாரா?

ஆகவே இரண்டாம் பாகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு எக்செல் கோப்பு போட்டுவிடவேண்டும். ஒவ்வொரு பாகமும் நடக்கும் ஆண்டு, அப்போது கோள்கள் இருக்கும் தூரம், செய்தித் தாமதம், கலத்தின் வேகம், எரிபொருள், ஆட்களின் வயது, பெயர்களின் எழுத்துக்கூட்டல். கலத்தின் பெயரை ஓரிடத்தில் ஒட்டியும் ஓரிடத்தில் பிரித்தும் எழுதியிருந்தால் கிண்டிலில் தேடுபவருக்குப் பாதிதான் அகப்படும். கால்வாசி எழுத்தாளர்கள்கூட இதைச் செய்வதில்லை என்பது என் சந்தேகம்.

பிரதிலிபி: ஆள் உண்டு, காசு கொஞ்சம்

பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபியில் இன்று 12 இந்திய மொழிகள். நம் கேள்விக்கு அது தரும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட நேரடியானது. உங்களைப் பின்தொடர்பவருக்கு அடுத்த அத்தியாயம் வந்ததும் போனில் அறிவிப்பு போய்விடும். இரண்டாம் பாகத்துக்கென்று தனி விளம்பரம் தேவையில்லை. எந்த அத்தியாயத்தில் ஆட்கள் கழன்றார்கள் என்பது வாசிப்பு எண்ணிக்கையிலேயே தெரியும். பின்னூட்டத்தில் ‘அந்த ரோபோ என்ன ஆச்சு?’ என்று ஒருவர் கேட்டால், நாம் மறந்த இழை ஞாபகத்துக்கு வரும். எழுத்துப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

சங்கடம் வேறு இடத்தில். அங்கே பெருங்கூட்டம் குடும்பக் கதைக்கும் காதல் கதைக்கும் வருவது. சிறுகோளைத் தேடி வருபவர் குறைவு. வாசகர்கள் காசு கொடுத்து வாங்கித் தரும் ஸ்டிக்கர், சந்தா வழியாக வருமானம் உண்டு. ஆனால் அது தொடர்ந்து, அடிக்கடி, நிறைய எழுதுபவருக்குச் சாதகமான ஏற்பாடு. வாரம் மூன்று அத்தியாயம் போடமுடிகிறவருக்குச் சரி. செய்தித் தாமதத்தைக் கணக்குப் போட்டு எழுதுபவருக்கு அந்த வேகம் கைவராது. அப்புறம், ஆயிரம் சொல்லுக்கு ஒரு கொக்கி வைத்து எழுதிய கதையை அப்படியே சேர்த்துப் புத்தகமாக்கினால் இருநூறு பக்கமும் பிரேக் அடித்து அடித்துப் போகும். புத்தகத்துக்காக அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

இலவசமாகப் படித்தவர்கள் பிறகு கிண்டிலில் வாங்குவார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெயரின் ‘தி மார்ஷியன்’ நாவல் அப்படித்தானே வந்தது என்பார்கள். உண்மைதான். அவர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வாசகர்கள் கேட்டதற்காகக் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு ஏற்றினார். அங்கிருந்து பெரிய பதிப்பகம் வந்தது. ஆனால் அந்த வாசகர்கள் கையில் ஏற்கெனவே கிண்டில் இருந்தது. தாங்களாகவே வந்து ‘அதில் போடுங்கள்’ என்று கேட்டார்கள். பிரதிலிபியில் நம்மைப் படிப்பவரிடம் இருப்பது பிரதிலிபி செயலி. அவர் அந்தச் செயலிக்குள்தான் காசு செலவழிப்பார்.

கிண்டில்: தொடருக்கென்றே செய்ததுபோன்ற கணக்கு

அமேசான் 2016 டிசம்பரில் தமிழையும் சேர்த்து ஐந்து இந்திய மொழிகளைக் கிண்டிலில் கொண்டுவந்தது. கேடிபி என்பது நாமே நூலை ஏற்றிக் கிண்டிலில் விற்பதற்கான அமேசானின் தளம்; அதில் கணக்கு தொடங்க, நூலை ஏற்ற, காசு எதுவும் கிடையாது. ராயல்டி இரண்டு வகை: 35 சதவீதம், 70 சதவீதம். இந்தியாவில் விற்பதற்கு 70 வேண்டுமென்றால் நூலை ‘கேடிபி செலக்ட்’டில் சேர்க்கவேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. பிரதிலிபியில் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட 10 சதவீதத்துக்கு மேல் மாதிரி போடக்கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்: கட்டுப்பாடு மின்வடிவத்துக்கு மட்டும்தான்.

செலக்ட்டில் சேர்ந்த நூல் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். அவர்கள் படித்த பக்கத்துக்கு ஏற்ப நமக்குப் பணம். பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான், மாதா மாதம் மாறும். தனி நாவலுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தொடருக்கு விஷயம் வேறு. சந்தாதாரர் முதல் பாகத்தை முடித்ததும் இரண்டாம் பாகத்தைத் தட்டினால் போதும், பர்ஸைத் திறக்கவேண்டாம். ‘வாங்கலாமா’ என்று யோசிக்கும் அந்த நிமிஷம்தான் தொடர்களைக் கொல்வது. இங்கே அந்த நிமிஷமே இல்லை.

இன்னொரு லாபம், எத்தனை பேர் அடுத்த பாகத்துக்கு நகர்ந்தார்கள் என்பதை அளக்கமுடிவது. இரண்டு பாகமும் கிண்டில் கணக்கில் தலா 300 பக்கம் என்று வையுங்கள். ஒரு மாதத்தில் முதல் பாகம் 9,000 பக்கம் படிக்கப்பட்டிருந்தால் முப்பது முழு வாசிப்புக்குச் சமம். இரண்டாம் பாகம் 3,600 என்றால் பன்னிரண்டு. முப்பதுக்குப் பன்னிரண்டு மோசமில்லை. முப்பதுக்கு மூன்று என்றால் மூன்றாம் பாகம் எழுத உட்காருவதற்கு முன் முதல் பாகத்தின் கடைசி ஐம்பது பக்கத்தைத் திரும்பிப் படியுங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும்.

செலக்ட்டில் 90 நாளுக்கு 5 நாள் வரை நூலை இலவசமாகக் கொடுக்கலாம். முதல் பாகம் வந்த வாரமே ஆர்வக்கோளாறில் அந்த ஐந்து நாளையும் செலவழிப்பவர்கள் உண்டு. ஐநூறு பேர் இறக்கிவைப்பார்கள், அடுத்துப் படிக்க ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். இரண்டாம் பாகம் விற்பனைக்கு வந்த பிறகு முதல் பாகத்தை இலவசமாக்குவதே முறை. இதற்காகவே இரண்டு பாகத்தையாவது கையில் வைத்துக்கொண்டுதான் முதலாவதை வெளியிடவேண்டும் என்கிறேன். நண்பருக்கு இது பிடிக்கவில்லை. பொறுமை இல்லை, எனக்குப் புரிகிறது.

வெளிநாட்டுத் தமிழர்களும் கிண்டிலில்தான் சுலபமாக வருவார்கள். டொராண்டோவில் இருப்பவருக்குச் சென்னையிலிருந்து ஒரு புத்தகம் அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும். அமெரிக்க விற்பனையில் வரிப்பிடித்தம் உண்டு. கேடிபியின் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்தியர் என்று பதிந்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி 30 சதவீதம் 15 ஆகக் குறையும். பணம் மாதம் முடிந்து சுமார் அறுபது நாள் கழித்து வரும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேப்பர்பேக் அச்சடித்துத் தரும் கேடிபி வசதி இந்தியத் தளத்துக்குக் கிடையாது. தமிழில் கிண்டில் படிப்பவர் கூட்டம் ஒரு வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது. பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். அதனால் தொடரின் பெயர் எளிதாகத் தட்டக்கூடியதாக இருக்கட்டும். ‘ழ’வும் ‘ற்ற’வும் நிறைந்த தலைப்பை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அட்டைப்படத்தை ஏஐயில் செய்தால் அதைக் கேடிபியில் சொல்லியாகவேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து இது விதி. என்னைக் கேட்டால் அட்டைக்கு ஓர் ஓவியரைப் பிடித்து, ஐந்துக்கும் சேர்த்துப் பேசி, மூலக் கோப்பையும் உரிமையையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முதல் இரண்டு அட்டையும் ஒரு கை, மூன்றாவது வேறு கை என்றால் ஒரே தொடர் என்று யாருக்கும் தோன்றாது.

சொந்த அச்சு: கட்டிலுக்கு அடியில் மூன்றாம் பாகம்

கையில் புத்தகம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதை யாரும் கேலி செய்யவேண்டாம். ஆனால் தொடருக்கு இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி.

ஒரு கணக்குப் போடலாம். தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் அச்சகக் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். டெம்மி அளவு, 208 பக்கம், அதாவது 16 பக்கத்துக்கு ஒரு பாரம் என்று 13 பாரம். விலை 250 ரூபாய். 300 பிரதி, பிரதிக்கு 90 ரூபாய் அடக்கம் என்றால் 27,000 ரூபாய். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போனால் கைக்கு வருவது 150. ஆக 180 பிரதி விற்றால் போட்ட பணம் வந்துவிடும். பார்க்கச் சுலபம்.

இப்போது ஐந்து பாகத்துக்கு நீட்டுங்கள். முதல் பாகம் 300 பேர் வாங்கினால் இரண்டாவதை நூற்றைம்பது பேர் வாங்குவது பெரிய விஷயம், மூன்றாவதை நூறு பேர். மூன்றாம் பாகத்தை நூறு பிரதி மட்டும் அடித்தால் பிரதிக்கான அடக்கம் ஏறிவிடும். முந்நூறு அடித்தால் இருநூறு கட்டிலுக்கு அடியில். சரி, அதையாவது சமாளிக்கலாம். மோசமானது இன்னொன்று: நான்காம் பாகம் வரும்போது முதல் பாகம் தீர்ந்திருக்கும். புத்தகக் காட்சியில் ஒருவர் நான்காம் பாகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு ‘முதல் பார்ட் இருக்கா?’ என்பார். இல்லை என்றால் கையிலிருப்பதையும் வைத்துவிட்டுப் போவார். ஆக, முதல் பாகத்தை எப்போதும் ஸ்டாக்கில் வைத்திருக்கவேண்டும். விற்காத பாகத்துக்காக விற்ற பாகத்தை மறுபடி அடிக்கவேண்டிய விசித்திர நிலைமை இது. பெரிய பதிப்பகங்களே மூன்றாம் பாகத்துக்கு மேல் தயங்குவதற்குக் காரணம் கதையின் தரம் மட்டுமல்ல.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. பபாசி என்ற பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம் நடத்துவது, பொங்கலை ஒட்டி ஜனவரியில். ஒரு தொடரோடு தனியாளாகப் போய் அங்கே கடை எடுப்பதை மறந்துவிடலாம். தெரிந்த பதிப்பாளரின் அரங்கில் பத்துப் பிரதி வைக்கக் கேட்கலாம். அப்படி வைத்த புத்தகம் மூலையில் எந்தப் பெயர்ப்பலகையும் இல்லாமல் கிடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணையை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காகிதக் காரியங்கள் இரண்டு. ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்க யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ராஜாராம் மோகன் ராய் தேசிய முகமை தனி எழுத்தாளருக்கும் இணையம் வழியே இலவசமாகத் தருகிறது. பாகத்துக்கு ஒன்று வேண்டும், தொகுப்பு போட்டால் அதற்குத் தனியாக ஒன்று. அச்சானதும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பவேண்டும். செலவு நம்முடையது.

தேவைக்கு அச்சு

ஆர்டர் வந்தால் மட்டும் ஒரு பிரதி அடித்து அனுப்பும் முறை. சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூரின் போத்தி போன்றவை தமிழ் நூல்களையும் இப்படித் தருகின்றன. பிரதி ஒன்றுக்கான அடக்கம் அதிகம், அதனால் விலை கூடுதல், வாசகர் தபால் செலவும் கொடுக்கவேண்டும், கையில் கிடைக்கச் சில நாள் ஆகும். கடை அலமாரியில் புத்தகம் இருக்காது. தனி நாவலுக்கு இதை நான் அவ்வளவாகச் சொல்லமாட்டேன்.

தொடருக்குச் சொல்வேன், ஒரே காரணத்துக்காக: முதல் பாகம் தீரவே தீராது. ஐந்தாண்டு கழித்து ஒருவர் தேடினாலும் ஐந்து பாகமும் கிடைக்கும். இந்த நிறுவனங்கள் கூடவே விற்கும் ‘பேக்கேஜ்’ விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். எடிட்டிங், பிரபல நாளிதழில் செய்தி, விருது விழா என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இந்தத் துறையில் நிறைய. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஓரிடத்தில் பணம் கட்டினார். திரும்பி வந்த ‘எடிட்’ பிரதியில் ஒற்றுப்பிழைகூடத் திருத்தப்படவில்லை. இலவசமாக நாமே ஏற்றும் வசதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அந்தப் பணத்தில் நல்ல மெய்ப்புத் திருத்துநர் (புரூஃப் ரீடர்) ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள்.

இலவச மின்னூல்

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் 2013 முதல், யாரும் இலவசமாகப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களை வெளியிடுகிறது. இபப், பிடிஎஃப் எல்லாம் செய்து தருகிறார்கள். நல்ல காரியம், நல்ல வாசகர்கள். ஆனால் அந்த உரிமத்தைக் கொடுத்தால் திரும்பப் பெறமுடியாது. முதல் பாகத்தை அங்கே போட்டுவிட்டால் அந்த நூலுக்குச் செலக்ட் கதவு அடைபடும். தொடரின் முதல் பாகம் என்பது ஐந்துக்கும் சாவி. அதை அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு முன்கதை எழுதிக் கொடுக்கலாம். நாயகியின் தாத்தா தசராவுக்குக் காளி வேஷம் கட்டிய வருஷம் முதல் ராக்கெட் கிளம்பியது என்பதுபோல முப்பது பக்கத்தில் தனிக்கதை, கடைசிப் பக்கத்தில் தொடரைப் பற்றி நாலு வரி. செலக்ட்டின் தடை அந்தந்த நூலுக்குத்தான் என்பதால் தனிக்கதைக்கு அது பொருந்தாது. அதே கதையைப் பிரதிலிபியிலும் போடலாம்.

ஒலிநூல் பற்றியும் கேட்கிறார்கள். மூன்று பாகம் முடியட்டும், பார்க்கலாம்.

கோப்பு ஒன்றுதான் இருக்கவேண்டும்

எந்த வழியில் போனாலும் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. நாம் யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் படிக்கக்கூடிய பொது எழுத்துக் குறியீட்டில், எழுதுகிறோம். அச்சுக்குப் போகும்போது லேஅவுட் செய்பவர் அதைத் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்வார். பல இடங்களில் இன்றும் அதுதான் வழக்கம். மெய்ப்பு அந்த லேஅவுட்டின் பிரின்ட்டில் நடக்கும். நூற்றுக்கணக்கான திருத்தங்கள் சிவப்பு மையில் ஏறி, அவருடைய கோப்பில் சேரும். நம் யூனிகோட் கோப்பு அப்படியே பழைய பிழைகளோடு இருக்கும். அச்சுப் புத்தகம் சுத்தமாக வரும், கிண்டிலில் ஏறுவது அழுக்குப் பிரதி. அடுத்த பாகம் எழுதும்போது ‘அந்தக் கதவு இடப்பக்கமா வலப்பக்கமா’ என்று நாம் பார்ப்பதும் இந்தத் திருத்தாத கோப்பைத்தான்.

ஆகவே மெய்ப்பை லேஅவுட்டுக்கு முன்பே, யூனிகோட் கோப்பிலேயே முடித்துவிடுங்கள். லேஅவுட்டும் யூனிகோடிலேயே செய்பவரைப் பிடியுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் இப்போது தமிழ் யூனிகோடை ஒழுங்காகவே கையாள்கிறது. அதற்குப் பிறகும் பிரின்ட்டில் கண்ட திருத்தம் எதுவானாலும் அன்றே மூலக்கோப்பிலும் செய்துவிடவேண்டும்.

நண்பருக்கு என்ன சொன்னேன்

இரண்டாம் பாகத்தை முடியுங்கள். முன்கதையைப் பிரதிலிபியில் நாலைந்து அத்தியாயமாகப் போட்டு, யார் வருகிறார்கள் என்று பாருங்கள். முதல் பாகத்தைக் கிண்டிலில் செலக்ட்டில் ஏற்றுங்கள், மூன்று மாதம் விட்டு இரண்டாவதை. அப்போது முதல் பாகத்துக்கு இலவச நாட்கள். கூடவே முதல் பாகத்தைத் தேவைக்கு அச்சில் போட்டுவையுங்கள், அம்மாவுக்குக் கொடுக்கவாவது ஆகும். மூன்று பாகம் வந்து, வாசகர்கள் அடுத்த பாகத்துக்கு நகர்கிறார்கள் என்பது பக்கக் கணக்கில் தெரிந்தால் மட்டும், மூன்றையும் ஒரே தொகுப்பாக நூறு பிரதி அடித்து ஜனவரிக்குக் கொண்டுபோங்கள். தொகுப்பில் ‘முதல் பார்ட் இருக்கா’ என்ற கேள்வியே எழாது.

நீங்கள் வாரம் மூன்று அத்தியாயம் எழுதக்கூடியவர், பின்னூட்டம் இல்லாமல் எழுத ஓடாது என்றால் இது உங்களுக்குப் பொருந்தாது. நேராகப் பிரதிலிபிக்குப் போங்கள், புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம்.

கடைசியாக, தொடர் ஓடத் தொடங்கினால் பதிப்பாளர் ஒருவர் கூப்பிடுவார். சந்தோஷமாகப் பேசுங்கள், ஆனால் அச்சு உரிமையை மட்டும் கொடுக்கப் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹ்யூ ஹோவி 2012இல் தன் ‘வூல்’ தொடருக்கு அமெரிக்காவின் பெரிய பதிப்பகம் ஒன்றோடு அப்படித்தான் ஒப்பந்தம் போட்டார். மின்னூல் அவரிடமே இருந்தது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். இரண்டையும் வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் எழுதி வாங்குங்கள். இன்னும் எழுதாத நான்காம், ஐந்தாம் பாகங்களின் பெயர் அந்தத் தாளில் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.